மீண்டும் பதினேழு வயது: செட்டிநாட்டில் நிகழும் காலப்பயண நாவலை எழுதத் தொடங்குவோருக்கு

அறுபது வயதை முடித்த ஒருவர், வாழ்ந்த வாழ்வின் நினைவுகள் யாவும் அப்படியே இருக்க, தம் பதினேழு வயது உடம்பில் ஒரு விடியற்காலையில் கண் விழிக்கிறார் என்பதே இவ்வகை நாவலின் கரு. கரு புதியதன்று. யயாதி தன் மூப்பைக் கொடுத்து மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்ட கதையை நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறைகளாகச் சொல்லி வருகிறோம். இளமை எந்த விதியின்படி திரும்புகிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்குப் பிசகாமல் காட்டவேண்டும் என்னும் கடமையை மட்டும் அறிவியல் புனைகதை இதனோடு சேர்க்கிறது. கணக்கு என்றவுடன் செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பேரேடு நினைவுக்கு வரும். ஓரிடத்தில் வரவு எழுதினால் இன்னோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும் என்னும் அந்தப் பேரேட்டு ஒழுக்கமே இவ்வகை நாவலைத் தாங்கி நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முதன்முறையாக நாவல் எழுத உட்காருகிறவர்களை மனத்தில் வைத்து, ஒரு கற்பனைக் கதையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எங்கே வழுக்கும் என்பதைச் சொல்லிச் செல்கிறேன்.

ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் எந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். நாயகன் எந்த ஆண்டை விட்டுப் புறப்படுகிறான், எந்த ஆண்டில் போய் விழுகிறான் என்னும் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவைத்துக்கொண்டால், பாதிக் கதை தானே அமைந்துவிடும்.

நமக்கு வாய்ப்பாக ஒரு சுழற்சி ஏற்கெனவே இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் மறுபடியும் வரும்போதுதான் அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. 1960-61 சார்வரி ஆண்டு. 2020-21 மீண்டும் சார்வரி. ஆகவே சார்வரி ஆவணியில் பிறந்த ஒருவருக்கு 2020 ஆவணியில் அறுபது நிறைகிறது. அந்த ஆண்டு ஊரடங்கு ஆண்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர முடியாமல், உறவினர்கள் கூட முடியாமல், நூறு இலை போடும் அகலமுள்ள வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) கணவனும் மனைவியும் மட்டும் நின்று மாலை மாற்றிக்கொண்ட ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அவனுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

எந்த நாளில் புறப்படுவது என்பதற்குப் பிள்ளையார் நோன்பைப் பரிந்துரைப்பேன். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழையாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்து, 21 இழைகளையும் திரியாக்கி, இனிப்பு மாவில் பதித்து ஏற்றி, வீட்டின் மூத்தவர் கையிலிருந்து வாங்கிச் சுடரோடு விழுங்கும் நோன்பு அது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையில், ஒரே சொற்களோடு, நிகழும் ஒரு செயல் காலப்பயணக் கதைக்கு மிகவும் உதவும். 2020 மார்கழியில் இழையை வாய்க்குள் இடுபவன், 1977 மார்கழியில் ஐயாவின், அதாவது தாத்தாவின், கையிலிருந்து அதே இழையை வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று எழுதினால், அத்தியாய மாற்றத்துக்குத் தனியாக ஒரு வரிகூட வேண்டாம். வாசகர் தாமே புரிந்துகொள்வார்.

இனி, போய்ச் சேரும் ஆண்டைப் பற்றி. இதில்தான் கவனம் அதிகம் தேவை. 1929இல் கொண்டுபோய் இறக்கினால், செட்டியார்கள் கடன் கொடுத்துவந்த பர்மாவில் நெல் விலை வீழப் போவதையும், கடனுக்கு ஈடாக நிலங்கள் கைக்கு வந்து சேரப் போவதையும், 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபின் அவ்வளவும் கைவிட்டுப் போகப் போவதையும் நாயகன் எச்சரிக்க முடியும். அது முதலீட்டைக் காப்பாற்றும் நாவல். விறுவிறுப்பாக வரும், ஆனால் இளமையை மீண்டும் வாழும் நாவலாக இராது. 1977இல் இறக்கினால், பெரிய இழப்பு முடிந்து 35 ஆண்டுகள் ஆகிவிட்டன. ரங்கூனிலிருந்து திரும்பிய ஐயா முகப்பில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நேர்ந்ததை எந்தப் பேரனாலும் மாற்ற முடியாது. கைக்கு எட்டாத பெரிய இழப்பு ஒன்று வீட்டில் இருக்க, கைக்கு எட்டும் சிறிய இழப்புகளை மட்டும் நாயகன் தொட முடிகிறது என்னும் இந்த நிலையே இளமைக் கதைக்கு ஏற்ற வெப்பத்தைத் தருகிறது.

பயணத்தின் விதியை எழுதி முடியுங்கள்

விதியை ஐந்து வரிக்குள் எழுதிவிட்டு அதன்பின் அதை மாற்றாதீர்கள். எதிர்காலத்தை நோக்கிய பயணம் இயற்பியல் ஏற்றுக்கொண்ட ஒன்று. 1971இல் அணுக் கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, ஓடும் கடிகாரமும் நிற்கும் கடிகாரமும் நானோ நொடிக் கணக்கில் வேறுபடுவதை அளந்து காட்டினார்கள். பின்னோக்கிய பயணம் அப்படியன்று. 1949இல் குர்ட் கோடெல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட ஒரு தீர்வில், புறப்பட்ட கணத்துக்கே திரும்பிவரும் பாதைகள் இருந்தன. 1988இல் கிப் தோர்னும் உடன் ஆய்ந்தோரும் காலவெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியாகிய புழுத்துளை வழியே அது கூடுமா என்று ஆராய்ந்தார்கள். 1992இல் ஸ்டீபன் ஹாக்கிங், அப்படி ஒன்று நேராதபடி இயற்கையே காலவரிசையைக் காக்கும் என்ற கருதுகோளை முன்வைத்தார். இவ்வளவு தெரிந்தால் நாவலாசிரியருக்குப் போதும். கதைக்குள் இதில் பத்தில் ஒரு பங்குகூட வர வேண்டியதில்லை.

உடம்போடு அனுப்புவதா, நினைவை மட்டும் அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. உடம்போடு அனுப்பினால், பூமி கதிரவனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நகர்ந்துகொண்டிருப்பதால், ஒரு மணி நேரம் பின்னே போகிறவன்கூட லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் வெற்றுவெளியில் நிற்பானே என்று வாசகர் கேட்பார். மேலும், பதினேழு வயதுக்காரன் ஒருவன் அங்கே ஏற்கெனவே இருப்பான். நினைவு மட்டும் போவதாக வைத்துக்கொண்டால் இரண்டு சிக்கலும் நீங்கும். ஆனால் அவற்றைவிடக் கடினமான ஒன்று வந்து சேரும். அந்தப் பதினேழு வயதுப் பையனின் சொந்த மனம் எங்கே போயிற்று? அவன் அழிந்தானா, உறங்குகிறானா, உள்ளே ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருக்கிறானா? இதற்கு மூன்றாம் அத்தியாயத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்ற கையெழுத்துப் படிகள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் எனக்கு நெஞ்சில் முள்ளாகவே தைத்திருக்கின்றன. மீண்டும் இளமை பெறுகிறவன் முதலில் எடுத்துக்கொள்வது தன் இளமைக்கால மனத்தின் இடத்தைத்தான். யயாதி பூருவிடம் எடுத்துக்கொண்டதைப் போல. பேரேட்டின் முதல் பற்று இது.

வழிமுறைக்கு வெளியூர் ஆய்வுக்கூடம் தேட வேண்டியதில்லை. காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது அது. நரம்பில் ஓடும் செய்தி சோடியம், பொட்டாசியம் அயனிகளின் போக்குவரத்து என்பதை 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணிதமாக எழுதிக்காட்டினார்கள். நினைவும் ஒருவகையில் மின்வேதியியலே. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நாயகன் மின்கலங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்றவனாக இருப்பது இயல்பாகப் பொருந்தும். கதையில் விபத்தோ மறைவான சோதனையோ வருமானால், ஆய்வுக்கூடத்துக்குக் கற்பனைப் பெயர் வைத்துவிடுங்கள். நடவாத ஒன்றை உண்மை நிறுவனத்தின் மேல் ஏற்றுவது முறையன்று.

கடைசியாக, கடந்ததை மாற்ற முடியுமா என்னும் விதி. மூன்று வழிகள் உண்டு. ரஷ்ய இயற்பியலாளர் நோவிக்கோவ் சொன்னபடி, நடந்தது நடந்ததுதான், பயணியின் செயலும் அதற்குள் ஏற்கெனவே அடக்கம் என்று கொள்ளலாம். 1957இல் எவரெட் முன்வைத்த பல உலகக் கருத்தைத் தழுவி, மாற்றியவுடன் புதிய கிளை பிரிகிறது, பழைய கிளை எங்கோ தொடர்கிறது என்று கொள்ளலாம். அல்லது ஒரே காலம், பழையது அழிந்து புதியது எழுதப்படுகிறது என்று கொள்ளலாம். எது சரி என்பதற்கு ஆதாரம் தேடிக் காலம் கழிக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சியை மூன்று விதியிலும் எழுதிப் பார்த்து, எதில் உங்கள் கை நடுங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதிப் பார்க்க ஒரு நிகழ்ச்சி தருகிறேன். 1978 ஜனவரி 16 அன்று 1000, 5000, 10000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என்று மைய அரசு அறிவித்தது. நோன்பு நாளில் வந்து சேர்ந்த நம் நாயகனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கிறது. ஐயாவின் பெட்டகத்தில் ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஒரு கட்டு இருப்பது அவனுக்குத் தெரியும். 1946 ஜனவரியிலும் இதே போல் உயர் மதிப்புத் தாள்கள் செல்லாமற் போனதில் அடிபட்டவர் என்பதால், ஐயா அவன் சொல்வதை நம்பவும் கூடும். முதல் விதிப்படி, அவன் எச்சரிக்கிறான், ஐயா அஞ்சித் தாள்களை மருமகனிடம் கொடுத்து வைக்கிறார், இழப்பு அங்கே நேர்கிறது. முதல் வாழ்க்கையில் அத்தை வீட்டோடு ஏன் பேச்சுவார்த்தை நின்றது என்பது அவனுக்கு இப்போதுதான் விளங்குகிறது. இரண்டாம் விதிப்படி, தாள்கள் தப்புகின்றன, ஆனால் இழந்து நின்ற பழைய ஐயா வேறொரு கிளையில் அப்படியே நிற்கிறார். மூன்றாம் விதியை அடுத்து விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் இளமைக் கதைக்கு அதுவே மிகவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

பேரேடு போடுங்கள்

நீளக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒருபுறம் வரவு, மறுபுறம் பற்று என்று தலைப்பிடுங்கள். நாயகன் மாற்றும் ஒவ்வொன்றும் வரவில் ஏறுகிற அன்றே அதற்கு ஈடான பற்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த மாற்றத்தைக் கதையில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் விதிப்படி வரவு: ஐயாவின் பணம் தப்பியது. இனிப் பற்று. முதல் வாழ்க்கையில் அந்த இழப்பை ஈடுகட்ட ஐயா ஊருணிக்கு மேற்கே இருந்த மனையை விற்றார். வாங்கியவர் அதில் சிறிய அரிசி ஆலை வைத்தார். அந்த வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தவரின் மகன் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதன் பொறுப்பாளராகி, தன் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இப்போது மனை விற்கப்படவில்லை, ஆலை இல்லை, அந்தப் பையன் பிழைப்புத் தேடிப் போன ஊர்கூட யாருக்கும் தெரியவில்லை. அதே இழப்பினால்தான் நாயகனின் அப்பச்சி (அப்பா) மறுபடியும் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார். அங்கே பழகிய குடும்பத்தில்தான் பின்னர் நாயகனுக்குப் பெண் எடுத்தார்கள். இப்போது அப்பச்சி கடல் கடக்கவில்லை. ஆகவே அந்தப் பெண் இல்லை, அவள் வயிற்றில் பிறந்த மகள் இல்லை, அறுபதாம் கல்யாணத்தன்று அலைபேசித் திரையில் "ஐயா" என்று மழலையில் அழைத்த பேத்தி இல்லை.

இந்தக் கடைசிப் பற்றை நாயகன் எந்தப் பக்கத்தில் உணர்கிறான் என்பதே உங்கள் நாவலின் நடுமுதுகு. மிகவும் சீக்கிரம் உணர்ந்தால் அவன் எதையும் தொடமாட்டான். மிகவும் தாமதித்தால் வாசகர் அவனுக்கு முன்பே உணர்ந்து பொறுமை இழப்பார். மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், பணம் தப்பிய மகிழ்ச்சியில் வீடே பலகாரம் செய்துகொண்டிருக்கும்போது, கந்தரப்பம் வேகும் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றுகொண்டு அவன் அதை உணர்வதாக நான் எழுதுவேன். ஒவ்வொரு பாகம் முடியும்போதும் ஐந்தொகை, அதாவது வரவு பற்றுச் சுருக்கம், எடுத்துப் பாருங்கள். வரவும் பற்றும் ஒத்துவராத இடத்தில்தான் கதை பொய் சொல்லியிருக்கும்.

வீட்டை வரைந்துகொள்ளுங்கள்

வரைபடம் இல்லாமல் செட்டிநாட்டு வீட்டை எழுதத் துணிய வேண்டாம். முகப்பு, இருபுறத் திண்ணை, தேக்கு நிலைக்கதவு, வளவு, வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும்) ஒன்றாக அறைகள், இரண்டாங்கட்டு, அடுப்படி, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல் என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை ஓடும் அமைப்பு அது. உங்கள் கதை வீட்டில் 1977இல் எந்த அறை எந்தப் புள்ளிக்குரியது, எந்த அறையில் யாருடைய சீர்ச் சாமான் பூட்டிக் கிடக்கிறது, மழை பெய்தால் எந்த மூலையில் கிடாரத்தைத் தூக்கிவைத்து நீர் பிடிப்பார்கள், ஆண்கள் எந்த எல்லையைத் தாண்டி உள்ளே வருமுன் குரல் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது வயது நினைவோடு வந்தவன் பழக்கத்தில் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, அங்கே இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்த்துத் திகைத்து நிற்பது போன்ற காட்சி வரைபடத்திலிருந்துதான் பிறக்கும்.

அதே வரைபடத்தின் மேல் 2020ஆம் ஆண்டு வீட்டையும் வேறு நிற மையால் வரையுங்கள். பங்காளிகள் பெருகி, சாவி பல ஊர்களில் சிதறி, சில தூண்களும் கதவுகளும் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட வீடு அது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, பெயர் பொறித்த பித்தளை அண்டா என ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வளவிலிருந்து வந்தது. எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஆனால் இவ்வகை நாவல் எழுதுகிறவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் இல்லை. விலைச் சீட்டோடு சாய்த்து வைத்திருந்த தூணில் 1977இல் முதுகு சாய்த்து அமர்ந்து பாடம் படிக்கும் நாயகன், அதன் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறுவதா வேண்டாமா என்று தயங்கும் ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள்.

உடம்பை மறக்காதீர்கள். முதல் நாள் காலையில் அவனுக்கு வரலாறு தோன்றாது. முழங்கால் வலிக்கவில்லை என்பது தோன்றும். கண்ணாடி இல்லாமல் மேங்கூரையின் ஓட்டு வரிசை தெரிவது தோன்றும். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுவதும், எட்டு வெள்ளைப் பணியாரம் தின்ற பின்னும் பசி அடங்காததும் தோன்றும். இளமை என்பது முதலில் இதுதான்.

அந்த ஆண்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சிறிய பிழைகள் இவ்வகை நாவலைக் கொன்றுவிடும். 1977இல் காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் 1985 மார்ச்சில்தான் பிரிந்தது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. அதற்கு முன் 1947 முதல் இருந்தது கல்லூரி. மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. ஆகையால் நம் நாயகன் பள்ளியில் 11 ஆண்டும் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் முடித்து, இளநிலைப் பட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பான். இரயில் மீட்டர்கேஜ் பாதையில் ஓடியது. வானொலியில் இலங்கை ஒலிபரப்பு ஒலித்தது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலும் திருச்சி வெள்ளமும் டிசம்பரில் ஊர்ப் பேச்சாக இருந்திருக்கும், நெருக்கடி நிலை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த பொறி எழுத்தில் இருக்கிறது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளை இன்று நாம் எழுதும் வடிவம் 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் ஆணையால் வந்தது. அதற்குமுன் பள்ளியில் லையைத் துதிக்கை வைத்துத்தான் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளாகப் புதிய வடிவில் எழுதிப் பழகிய கை, 1977 டிசம்பரில் ஐயாவுக்காகக் கடிதம் எழுத உட்காரும்போது தன்னையறியாமல் புதிய லையை எழுதிவிடும். ஆனால் அந்த வடிவங்களைப் பெரியார் 1935 முதலே தம் இதழில் பயன்படுத்தி வந்தார். ஆகவே கடிதத்தைப் பார்க்கும் ஐயா, பேரன் எதிர்காலத்திலிருந்து வந்தவன் என்று ஐயப்பட மாட்டார்; பையன் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று கலங்குவார். நாயகனின் இரகசியம் வெளிப்படாமலே அவனுக்கும் ஐயாவுக்கும் இடையே ஒரு பெரும் மனத்தாங்கல் எழுகிறது. இப்படிப்பட்ட பொறிகள் கற்பனையில் பிறப்பதில்லை. தேதிகளை வரிசையாக எழுதிவைத்து அவற்றின் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் கிடைக்கின்றன.

தேடுவதற்கு இடங்கள் உள்ளன. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அதைவிட அருகில், உங்கள் உறவினர் வீட்டு மரப்பெட்டியில், திருமண அழைப்பிதழ்களும் மொய்ப் பண ஏடுகளும் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தப் படிகளும் கிடக்கும். அவற்றைத் தொட அனுமதி கேளுங்கள். பெரியவர்களிடம் "1977இல் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "அடுப்படியில் அப்போது எந்த அடுப்பு இருந்தது?" என்று கேளுங்கள், மாலைவரை பேசுவார்கள்.

நாயகனின் நினைவுக்கு எல்லை கட்டுங்கள்

அறுபது வயதுக்காரருக்கு எல்லாம் நினைவில் இருக்கும் என்று எழுதிவிடுவது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பதினேழாம் வயதின் ஏதேனும் ஒரு மாதத்தை எடுத்து, எதையும் புரட்டாமல், நினைவிலிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் பத்து வரிக்கு மேல் தேறாது. அதிலும் இரண்டு வரி வேறு மாதத்தைச் சேர்ந்ததாக இருக்கும். நாயகனுக்கு அதற்கு மேல் கொடுக்காதீர்கள். 1983 ஜூன் 25 அன்று இந்தியா 183 ரன்களே எடுத்தும் உலகக் கோப்பையை வென்றது அவனுக்கு நிச்சயம் நினைவிருக்கும். ஆயிரம் ரூபாய்த் தாள் செல்லாமற் போனது பொங்கலுக்கு முன்பா பின்பா என்பதில் அவன் தடுமாறலாம். 2016 நவம்பரின் நினைவு அதன் மேல் படிந்து குழப்பலாம். உறுதியாக நம்பித் தவறாக நினைவுகூரும் ஒரு நிகழ்ச்சியையாவது வையுங்கள். பரிசுச் சீட்டும் பங்குச் சந்தையும் வாங்கிப் பணக்காரனாகும் பகுதி தேவையென்றால் ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடுங்கள். அதில் சொல்ல அதிகமில்லை.

பேச்சு, மரியாதை, மற்றவர்கள்

1977 டிசம்பரில் அப்பச்சிக்கு வயது 42. மகனாக நிற்பவனுக்கு மனத்தளவில் வயது 60. ஆனாலும் அவன் "வாங்க அப்பச்சி" என்று எழுந்து நின்றுதான் பேச வேண்டும். பல ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலியில் இறக்கப் போகிறவர் அவர் என்பது அவனுக்குத் தெரியும். இந்த உரையாடலைக் கவனியுங்கள்:

"அப்பச்சி, நெஞ்சுல எப்பவாச்சும் வலி வந்தாச் சொல்லுங்க."

"எனக்கென்னடா வலி? ராத்திரி முழுக்க முழிச்சிருந்தியாமே, ஆத்தா சொன்னா. பரீட்சை பயமா?"

"இல்ல அப்பச்சி. சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாத்தாச்சுல்ல, போய்ப் படி."

இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ஆத்தா (அம்மா), அப்பத்தா (அப்பாவின் அம்மா), ஆயா (அம்மாவின் அம்மா), அம்மான், அயித்தை என்னும் உறவுப் பெயர்களை அவ்வவற்றுக்குரிய இடத்தில் சரியாகப் போடுங்கள்; அப்பாவைப் பெற்றவளை ஆயா என்று எழுதிவிட்டால், ஊர்க்காரர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்.

காதலைப் பற்றி ஒரு சொல். அறுபது வயது மனத்தோடு நிற்பவன் பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிப்பதாக எழுத வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒருகாலத்தில் கொப்புடையம்மன் தேர்த் திருவிழாவில் யாருக்காகக் காத்து நின்றானோ, அவளை இப்போது பார்க்கும்போது பேத்தியின் முகச் சாயல்தான் அவனுக்குத் தெரியும். இளமை திரும்பியும் அந்த ஒன்று திரும்பவில்லை என்னும் துயரத்தை எழுதுங்கள். அவளுக்குத் தன் வாழ்க்கை பற்றி ஒரு விருப்பம் இருந்தது, முதல் முறை அவன் அதைக் கேட்கவே இல்லை என்பதையும் எழுதுங்கள். சமையற்காரர் மகன், ஆசாரி, வண்டி ஓட்டியவர் ஆகியோரின் பெயர்களை முதல் வாழ்க்கையில் அவன் அறிந்திருந்தானா என்றும் கேளுங்கள். அவர்களுக்கும் பதினேழு வயது ஒன்று இருந்தது. அது வளவுக்கு வெளியே கழிந்தது.

முடிவு, பிறகு முதல் வரைவு

கனவு என்று முடிக்காதீர்கள். அது வாசகரிடம் வாங்கிய கடனைத் தராமல் போவதாகும். அவன் மீண்டும் 43 ஆண்டுகளை நாள் நாளாக வாழ்ந்து 2020ஐ அடைவது ஒரு முடிவு. தாள்கட்டை அப்படியே விட்டுவிட்டு, ஐயா இழப்பதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டு, மகள் பிறக்கும் வழியைத் திறந்து வைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதையே எழுதுவேன்.

முதல் வரைவை ஒழுங்கு பார்க்காமல், நோன்பு நாளிலிருந்து தொடங்கி, நாளுக்கு இரண்டு பக்கமாக எழுதி முடியுங்கள். முடித்ததும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்த ஆச்சி ஒருவரிடம் போய், வீடு வரும் பக்கங்களை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அங்கன கதவு ஏது? அது அப்புறம்ல வச்சது" என்று அவர் இடைமறிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அவர் மறுப்பேதும் சொல்லாமல் வெகுநேரம் வளவின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.